மிஸ்ஸியின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து மேசையில் நான்கு பேர். ஒருவருடைய அத்தையை வெளியூரில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். ராத்திரி முழுக்க பெல்லை அழுத்தியும் மிஸ்ஸி (தாதியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வரவில்லை, விடிந்ததும் வந்து எரிந்து விழுந்தாள் என்று கதை ஓடியது. "அந்த மிஸ்ஸிய வேலையை விட்டே தூக்கணும்" என்றார் ஒருவர். "ஒய்.பி. ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லிவை, பார்த்துக்குவாங்க" என்றார் இன்னொருவர். ஒய்.பி. என்றால் தொகுதியின் மக்கள் பிரதிநிதி. மூன்றாமவர் அதற்குள் கைப்பேசியை எடுத்து முகநூலில் தட்ட ஆரம்பித்துவிட்டார். நான்காமவர் தோசையை முடித்துக் கை கழுவி வந்து, "பாவம் விடுங்கப்பா, அதுவும் ஏதோ தோட்டத்துப் புள்ளையாத்தான் இருக்கும்" என்றார்.

ஐந்து நிமிடத்தில் நான்கு தீர்ப்பு. ஒரு தாதியின் மேல் நடவடிக்கை எடுக்க உண்மையில் அதிகாரம் உள்ள எந்த இடத்தின் பெயரும் அந்த மேசையில் அடிபடவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊர்க்காரர்களில் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்தில் வைத்தியம் என்றால் டிரெஸ்ஸர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் அவர்தான், பால்வெட்டுக் கத்தி கிழித்த விரலுக்குத் தையல் போடுவதும் அவர்தான், வேலைக்கு வரத் தேவையில்லை என்று சீட்டு எழுதித் தருவதும் அவர்தான். அவர் தப்பு செய்தால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி தோட்ட மேலாளரான துரையிடம் சொல்வார். துரை மனது வைத்தால் டிரெஸ்ஸர் வேறு தோட்டத்துக்குப் போவார். அவ்வளவுதான் விசாரணை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த டிரெஸ்ஸர்களுக்கே 1965இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் என்று பெயர். அதாவது அவருக்கும் ஒரு பதிவேடு இருந்தது. எந்தத் தொழிலாளர் லயத்துக்காவது அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். துரை போய் ஒய்.பி. வந்தார், கிராணி போய் கோயில் தலைவர் வந்தார். முறையிடும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தாதியர் விஷயத்தில் கதவு ஒன்றல்ல, மூன்று. முதல் கதவு முதலாளி: அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் பொதுச் சேவை, தனியார் என்றால் அந்த நிறுவனம். இரண்டாவது, மலேசியத் தாதியர் வாரியம், லெம்பாகா ஜுருராவாட். மூன்றாவது நீதிமன்றம். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மேல் கீழ் கிடையாது. முதலாளி கேட்பது, இந்த ஆள் எங்களிடம் தொடர்ந்து வேலை செய்யலாமா என்று. வாரியம் கேட்பது, இந்த ஆள் தாதி என்ற பெயரோடு எங்கேயாவது வேலை செய்யலாமா என்று. நீதிமன்றத்துக்கு, குற்றம் நடந்ததா, நஷ்ட ஈடு உண்டா என்பதுதான் கேள்வி. வேலை போனதாலேயே லைசென்ஸ் போய்விடாது. வாரியம் தண்டித்ததால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு காசு வந்துவிடாது. ஒரே சம்பவம் மூன்று கதவையும் தட்டலாம். ஒன்றைக்கூடத் தட்டாமலும் போகலாம். நான் பார்த்தவரை ஒன்றையும் தட்டாமல் போவதுதான் அதிகம்.

வாரியம் 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தில் நிற்கிறது. அதன் தலைவர் சுகாதாரத் தலைமை இயக்குநர், அலுவலகம் புத்ராஜெயாவில். தாதியர் படிப்பு முடித்து, வாரியத்தின் தேர்வில் தேறி, பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் ஒருவர் பதிவுபெற்ற தாதி. பெயர் ஏறினால் மட்டும் போதாது, ஆண்டுதோறும் தொழில் செய்வதற்கான சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பயிற்சிப் புள்ளிகளும் சேர்த்திருக்க வேண்டும். எங்கள் ஊர் மிஸ்ஸிமார் பலர் ஆண்டுக் கடைசியில் தீபாவளிப் பலகாரம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஏ.பி.சி. மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவதன் காரணம் இதுதான். ஏ.பி.சி. என்பது அந்த ஆண்டுச் சான்றிதழ்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். அவசரப் பிரிவில் வெள்ளைச் சட்டை போட்டுக் காயம் கட்டும் ஆண்கள் பெரும்பாலும் தாதியர் அல்லர். அவர்கள் எம்.ஏ. என்று நாம் சொல்லும் உதவி மருத்துவ அதிகாரிகள். அவர்களுக்கு 1977ஆம் ஆண்டின் வேறு சட்டம், வேறு வாரியம். அவர்கள் மேல் உள்ள புகாரைத் தாதியர் வாரியத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

எது ஒழுங்கீனம் என்பதற்கு வாரியம் 1998இல் ஒரு தொழில் நடத்தை விதித்தொகுப்பு வெளியிட்டது. கடமையைப் புறக்கணிப்பது ஒன்று. தொழில் தரும் சலுகையையும் நோயாளி வைக்கும் நம்பிக்கையையும் தவறாகப் பயன்படுத்துவது ஒன்று. தொழிலுக்கே கெட்ட பெயர் வரும்படி நடந்துகொள்வது ஒன்று. விளம்பரம் செய்து ஆள் பிடிப்பது ஒன்று. குற்றம் உறுதியானால் வாரியம் கண்டிக்கலாம், பதிவைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம், பெயரையே நீக்கலாம். படிக்கும்போது எல்லாம் பொதுவான வார்த்தைகளாகத் தோன்றும். வார்டுக்குள் அது எப்படி இருக்கும் என்று பார்த்தால்தான் புரியும்.

எங்கள் தெருவில் ஒரு பெண் பதினோரு வருடமாகத் தாதி. அவர் சொன்னது இது. வார்டில் ஓர் அலமாரி உண்டு, இரட்டைப் பூட்டு. மார்ஃபின், பெத்திடின் மாதிரி மருந்துகள் அதற்குள். டி.டி.ஏ. என்பார்கள், 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துச் சட்டத்திலிருந்து வந்த பெயர். சாவி பொறுப்புத் தாதியிடம். ஷிஃப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று குப்பிகளை எண்ணுவார்கள், புத்தகத்தில் இருவரும் கையெழுத்து. பெத்திடின் குப்பி 100 மில்லிகிராம். மருத்துவர் எழுதியது 75 என்றால், மீதி 25ஐ இன்னொருவர் கண் முன்னால் கொட்டி, கொட்டியதாக எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

"அண்ணே, ராத்திரி மூணு மணிக்கு, முப்பது பேஷண்டுக்கு ரெண்டு பேர் நிக்கிறோம். சாட்சிக்கு வர வேண்டிய ஆளு அந்தக் கோடியில யாருக்கோ வாந்தி எடுத்த சட்டையை மாத்திக்கிட்டு இருப்பா. காலையில கையெழுத்துப் போடுடின்னு சொல்லிட்டு நாங்களே கொட்டிடுவோம். அவளும் போட்டுருவா. அதுல என்ன இருக்குன்னு தோணும்."

அதில் என்ன இருக்கிறது என்றால், பார்க்காததைப் பார்த்ததாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த வாரம் ஒரு குப்பி கணக்கில் குறைந்தால், மருந்தைத் தொடாதவரும் பொய்ப் பதிவு செய்தவராக நிற்க வேண்டிவரும். விசாரணைக்கு வரும் பல விஷயங்கள் இந்த மாதிரிதான். படத்தில் வருவதுபோல் விஷ ஊசி போடும் நர்ஸ் யாரும் இல்லை. பார்க்காத ரத்த அழுத்தத்தைப் பார்த்ததாக நிரப்பிய அட்டை, பின்னால் வந்து சொருகிய ஒரு வரி, வெள்ளை மை தடவி மாற்றிய நேரம். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி, நேரம் போட வேண்டும் என்பது முதல் வருடத்திலேயே சொல்லித் தரும் பாடம். வெள்ளை மையைப் பார்த்ததும் விசாரிக்கிறவருக்கு முதலில் வரும் கேள்வி, அடியில் என்ன இருந்தது என்பதுதான்.

பிழையும் ஒழுங்கீனமும் ஒன்றா? ஒன்றில்லை, ஆனால் இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். 8 யூனிட் என்று முழுசாக எழுதாமல், எண்ணோடு ஒட்டி ஆங்கில எழுத்து 'யூ'வை மட்டும் கிறுக்கினால், அவசரத்தில் அது பூஜ்யமாகத் தெரியும். 8 என்பது 80 ஆகிவிடும். அதைப் படித்து ஊசி போட்டவர் தாதி, கிறுக்கியவர் மருத்துவர், இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்க்க வைத்தது ஆள் பற்றாக்குறை. இதில் யாரைத் தண்டிப்பது? இப்படி வரும் பிழைகளை மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும், காரணத்தைத் தேடித் திருத்த வேண்டும் என்பதற்காகத்தான் சம்பவ அறிக்கை முறை இருக்கிறது. சுகாதார அமைச்சு 2013இல் அறிவித்த 13 நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளில் மருந்துப் பாதுகாப்பும் உண்டு, சம்பவ அறிக்கை முறையும் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அறிக்கை எழுதினால் அதுவே தன் மேல் வழக்காகிவிடும் என்று பயப்படும் வார்டில் யாரும் பேனாவைத் திறக்க மாட்டார்கள். பிழையை உடனே சொன்ன தாதிக்கும், தெரிந்தே மூடிய தாதிக்கும் வேறு வேறு பாதை என்று தலைமைத் தாதியான மேட்ரன் நடந்து காட்டினால்தான் பேனா திறக்கும். என்னைக் கேட்டால், மூடுவதுதான் ஒழுங்கீனம். கை தவறுவது பெரும்பாலும் இல்லை.

அரசாங்கத் தாதிக்கு இன்னொரு புத்தகம் இருக்கிறது: 1993ஆம் ஆண்டின் பொது ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள். இது தாதியருக்கு மட்டும் என்று எழுதியது இல்லை. எழுத்தர், ஓட்டுநர் எல்லோருக்கும் பொது. அதனால் நோயாளிக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்களும் இதில் மாட்டும். மேலதிகாரி அனுமதி இல்லாமல் ஓய்வு நாளில் தனியார் கிளினிக்கிலோ டயாலிசிஸ் மையத்திலோ பகுதி நேரம் பார்ப்பது. விடுப்பு இல்லாமல் வராமல் இருப்பது. தீராத கடன்கூட இதில் ஒரு குற்றம். கூட்டுறவுக் கடன், கார்க் கடன், அப்புறம் ஆலோங் என்ற கள்ள வட்டிக்காரர் என்று இறங்கியவர்கள் இங்கே வந்து நிற்பார்கள். வார்டில் ஆள் இல்லை, மருந்து இல்லை என்று பெயரோடு முகநூலில் எழுதுவதும் ஆபத்து, ஏனென்றால் பொது அறிக்கை விடுவதற்கும் அனுமதி வேண்டும் என்கிறது அந்த விதி. தண்டனை எச்சரிக்கையில் தொடங்கும். அபராதம், சம்பள உயர்வைத் தள்ளிப்போடுவது, சம்பளக் குறைப்பு, பதவி இறக்கம் என்று ஏறி, வேலை நீக்கத்தில் முடியும்.

ஆனால் அதே விதிதான் தாதியைக் காப்பாற்றவும் செய்கிறது. வேலை நீக்கமோ பதவி இறக்கமோ செய்யும் அளவு குற்றச்சாட்டு என்றால், அதை எழுத்தில் கொடுத்து, பதில் எழுத 21 நாள் தர வேண்டும். தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தராமல் வேலை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 135ஆவது பிரிவிலேயே இருக்கிறது. சரி, அந்த 21 நாளை நம் ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

நான் சொன்ன அதே தெருப் பெண்ணுக்குச் சில வருடத்துக்கு முன்னால் ஒரு காரணம் கேட்கும் கடிதம் வந்தது, சூராட் துஞ்சோக் செபாப். விஷயம் பெரிதில்லை. கட்டிலின் தடுப்புக் கம்பியை ஏற்றாமல் விட்டதில் ஒரு பாட்டி கீழே விழுந்திருக்கிறார். கம்பி உடைந்து கிடக்கிறது என்று அதற்கு முன்னாலேயே பராமரிப்புப் பிரிவுக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளின் நகல்கூட வார்டு ஃபைலில் இருந்தது. ஆனால் கடிதம் வந்ததும் வீட்டில் நடந்தது வேறு. அப்பா தோட்டத்தில் பழைய மண்டோர், ஆட்களை மேய்க்கும் கங்காணி. "மேலிடத்துக்கு எதிர்த்து எழுதாதேம்மா. தப்புதான் மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வரி எழுதிக் குடு, முடிஞ்சுரும்" என்றார். பெண்ணும் அப்படியே மலாயில் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டார்.

தோட்டத்தில் அது முடிந்திருக்கும். துரைக்கு முன்னால் தலையைக் குனிந்தால் கோபம் இறங்கிவிடும். ஃபைலுக்குக் கோபம் கிடையாது. அதற்கு அந்த இரண்டு வரி ஒப்புதல் வாக்குமூலம். உடைந்த கம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவரே சொல்லவில்லை. எச்சரிக்கையோடு போனது அதிர்ஷ்டம். இத்தனை வருடம் கழித்தும் பராமரிப்புப் பிரிவுக்கு எழுதிய அந்தத் தாளின் நகலைப் பையில் வைத்திருக்கிறார், யாரிடம் காட்டுவதற்கு என்று தெரியவில்லை.

தனியார் ஆஸ்பத்திரிகளில் கதை வேறு மாதிரி. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்குவதற்கு முன் முறையான விசாரணை நடத்த வேண்டும். விசாரணை நடக்கும்போது இரண்டு வாரம் வரை, பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, வேலையிலிருந்து நிறுத்திவைக்கலாம். நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்று நினைத்தால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுப் போட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும். இதெல்லாம் தாளில். நடப்பில் பெரும்பாலும் இப்படித்தான்: மேலாளர் அறைக்குக் கூப்பிட்டு, "நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா உன் பேரு கெடாது" என்பார்கள். பெண் எழுதிக் கொடுப்பாள். ஆஸ்பத்திரிக்கு நிம்மதி, பெண்ணுக்கும் ஒரு மாதிரி நிம்மதி. இதில் இரண்டு பக்கமும் இழப்பு உண்டு. அவள் நிரபராதி என்றால், தானே விலகியவள் நீக்கப்பட்டதாகச் சொல்லி வாதாடுவது கஷ்டம். அவள் உண்மையிலேயே மருந்து திருடியவள் என்றால், வாரியத்துக்கு யாரும் எழுதவில்லை. பதிவேட்டில் பெயர் பளிச்சென்று இருக்கும். அடுத்த மாதம் வேறு ஊரில் வேறு அலமாரியின் சாவி அவள் கையில் இருக்கும். வாரியத்துக்குக் கண் கிடையாது. யாராவது எழுதினால்தான் அதற்குத் தெரியும்.

நோயாளியின் குடும்பம் எழுதலாமா என்றால், எழுதலாம். எழுதாமல் போனதற்கு நானே சாட்சி. எட்டு வருடத்துக்கு முன்னால் என் அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரவில் இடது கையில் டிரிப். ஊசி நரம்பை விட்டு விலகியிருக்கிறது, மருந்துத் தண்ணீர் சதைக்குள் இறங்கியபடியே இருந்திருக்கிறது. காலை நான் போனபோது கை முழங்கை வரை உப்பி, தொட்டால் சில்லென்று இருந்தது. ஒட்டியிருந்த பிளாஸ்டர் சதைக்குள் பதிந்து, வளையல் போட்ட மாதிரி ஒரு பள்ளம். அம்மா நான்கு முறை பெல் அடித்ததாகச் சொன்னார். நான் கவுண்டரில் கத்தினேன். பிறகு ஊரில் ஒரு பெரியவர் மூலமாக அங்கே தெரிந்த ஒருவரைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்டார்கள், பழக்கூடை வந்தது. வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனது.

பின்னாளில் தெருப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எழுதிக் குடுத்தீங்களா, அண்ணே?" இல்லை. என்ன தேதி, எத்தனை மணிக்கு பெல் அடித்தார், எந்த வார்டு, எந்தக் கட்டில், யார் பணியில் இருந்தார், கையின் படம் எதுவும் என்னிடம் இல்லை. படம் எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கவுண்டரில் கத்தியது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் சிஸ்பா என்ற பொதுப் புகார் முறை இணையத்திலேயே இருக்கிறது. தனியார் மருத்துவமனை என்றால் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் கீழ் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்கலாம். தாதியின் நடத்தையைப் பற்றி என்றால் வாரியத்துக்கே எழுதலாம். இவ்வளவும் இருந்தும் பழக்கூடையை வாங்கிக்கொண்டு வந்தேன். அதில் இருந்தது ஆரஞ்சும் இரண்டு பச்சை ஆப்பிளும்.

புகார் எழுதினால் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்த பாவம் வருமே என்ற தயக்கம் நம்மிடம் நிறைய. அந்தச் சாப்பாட்டுக் கடையின் நான்காமவர் சொன்னதும் அதுதான். அதே ஆட்கள் முகநூலில் அந்தப் பெண்ணின் படத்தைப் போட்டு, பெயரைப் போட்டு, ஆயிரம் பேர் திட்டுவதை வேடிக்கை பார்க்கத் தயங்குவதில்லை. வாரியத்தில் அவளுக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு உண்டு. முகநூலில் அதுவும் கிடையாது.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவேட்டின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். சிங்கப்பூரோ சவூதியோ, அங்கே உள்ள அமைப்பு முதலில் கேட்பது, உங்கள் ஊர் வாரியத்தில் உங்கள் பதிவு சுத்தமாக இருக்கிறதா என்பதற்கான சான்றை. அதை வாரியம்தான் தர வேண்டும். உள்ளூரில் ராஜினாமாவால் மூட முடிந்ததை அங்கே மூட முடியாமல் போகலாம்.

இவ்வளவும் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு. இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் முதியோர் இல்லங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. பிள்ளைகள் ஷா ஆலமிலும் ஜொகூரிலும் இருக்க, தோட்டத்தில் செம்பனைக் குலை சுமந்த கிழவர்கள் இங்கே கட்டிலில். பராமரிப்பு மையங்களுக்கு 1993ஆம் ஆண்டின் சட்டம் உண்டு, சமூக நல இலாகாவின் பொறுப்பு. அங்கே மாத்திரை கொடுப்பவர், டயப்பர் மாற்றுபவர், சிலசமயம் இன்சுலின் போடுபவர் பலர் தாதியர் அல்லர். போன வாரம் அப்படி ஓர் இல்லத்துக்கு மாமாவைப் பார்க்கப் போனேன். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் அவருடைய புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தாள். கை பதமாகத்தான் இருந்தது. மாமா அவளை மிஸ்ஸி, மிஸ்ஸி என்று கூப்பிட்டார். ஏ.பி.சி. புதுப்பித்தாச்சா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "நான் மிஸ்ஸியே இல்லைங்க, அங்கிள். முன்னாடி ஃபேக்டரியில இருந்தேன். இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க."